ஏற்காடு ஏறி இறங்க என்ன செலவு? பெட்ரோல், ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்கு நாமே கணக்குப் போடும் விதம்

தை மாதம் காப்பிப் பறிப்பு முடிந்த சனிக்கிழமை, ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மூன்று கார்களில் போனோம். என்னுடையது மின்சாரக் கார். தம்பியுடையது ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் உள்ளது. ஆடிட்டர் ஆபீசில் என்னோடு கணக்கு எழுதும் தோழியின் கார் பெட்ரோல். மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு வண்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். இப்படி ஒரு வாய்ப்பு இனிக் கிடைக்குமோ என்னவோ என்று, கிளம்பும் முன்பே எல்லாரையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். தம்பியும் தோழியும் சேலம் அம்மாபேட்டையில் ஒரே பங்கில், ஒரே பம்பில் ஃபுல் டேங்க் போட்டார்கள். நான் கார் சார்ஜ் ஆகும் லைனில் மாட்டியிருக்கும் சப் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்ததும் அதே பம்பில் மறுபடி நிரப்பினார்கள். போக வர 80 கி.மீ. பெட்ரோல் காருக்கு 6.8 லிட்டர் பிடித்தது. ஹைபிரிடுக்கு 4.8. என் காரைப் பழைய அளவுக்குச் சார்ஜ் ஏற்ற சப் மீட்டரில் 12.5 யூனிட் ஓடியது. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் தோழிக்கு 694 ரூபாய், தம்பிக்கு 490 ரூபாய். எனக்கு 112 ரூபாய். (யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டிருக்கிறேன். வீட்டுக் கரண்டுக்கு ஏன் அவ்வளவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

கூட வந்த சித்தி மகன் இதைக் கேட்டதும், "அப்புறம் என்னக்கா, நானும் கரண்டு காரே வாங்கிடறேன்" என்றான். வேண்டாம் என்றேன். அவன் குடியிருப்பது கொண்டலாம்பட்டியில் மாடி வீடு, வாடகைக்கு. கீழே வண்டி நிறுத்த இடம் கிடையாது. வருடத்துக்கு 5,000 கி.மீ. ஓட்டினால் அதிகம். என் கணக்கு எனக்குச் சரி, அவனுக்குச் சரியாகாது. அவனுக்கு அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா, வீட்டு ஈபி கார்டு, இவ்வளவு போதும்.

முதலில் உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

காரைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு மாத ஓட்டத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஊருக்குள், மலை, நெடுஞ்சாலை. மூன்றிலும் மூன்று வண்டிகளும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மொத்தமாக "மாசம் ஆயிரம் கிலோமீட்டர்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது.

என் மாதம் இது. வீட்டிலிருந்து ஆபீஸ், மார்க்கெட், கோயில் என்று ஊருக்குள் 336 கி.மீ. நாகலூருக்கு நான்கு முறை, 320 கி.மீ. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், மாதம் ஒரு முறை போய் வர 330 கி.மீ. மொத்தம் 986.

காட்சிக்கூடத்தில் சொல்லும் மைலேஜை இந்த நோட்டில் எழுதவே வேண்டாம். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, குறித்த வேகத்தில் ஓட்டி எடுத்த எண். அந்த உருளையில் கொண்டை ஊசி வளைவு கிடையாது, சித்திரை வெயிலும் கிடையாது. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிடுக்குச் சான்றளித்த எண் லிட்டருக்கு 27.97 கி.மீ. தம்பி நோட்டில் ஊருக்குள் 22, நெடுஞ்சாலையில் 21 என்றுதான் இருக்கிறது. உங்கள் ஊரில், உங்களைப் போல ஓட்டுகிற ஒருவரின் நோட்டுதான் நம்பத் தகுந்தது. அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கார் வைத்திருப்பவர்கள் இதைப் பேசச் சலிப்பதே இல்லை.

அளவிலும் ஏமாறக் கூடாது. என் பழைய சின்ன பெட்ரோல் காரின் எட்டு வருடக் கணக்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை இப்போதைய காரோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது. நானூறு கிலோ எடை வித்தியாசம். ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே வசதி, அப்படி மூன்றை எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பெட்ரோலும் ஹைபிரிடும்: டேங்க் முதல் டேங்க் வரை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஃபுல் டேங்க் போட்டு, நாசில் தானாக நின்றதும் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் பிடிக்கும்மா" என்று பங்க் பையன் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடிய கி.மீ.யைக் குறியுங்கள். அடுத்த முறை அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க்கை நம்பாதீர்கள், நான்கு டேங்க்கின் சராசரி எடுங்கள். டாஷ்போர்டு காட்டும் மைலேஜ் எங்கள் மூன்று வண்டிகளிலும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது.

பழைய நோட்டு இருந்தால் கடைசி ஆறு மாதத்தை மட்டும் எடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் லிட்டருக்கு ஏழு சதவீதம் போல சக்தி குறைகிறது. ஐந்து வருடம் முந்தைய மைலேஜ் இன்றைய கணக்குக்கு ஆகாது.

ஹைபிரிட் என்று பெயர் ஒட்டியிருப்பதெல்லாம் ஹைபிரிட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மைல்டு ஹைபிரிட் என்பதில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கும் ஒரு சின்ன மோட்டார். அது தனியாகக் காரை நகர்த்தாது. மிச்சமும் சொற்பம். ஸ்டிராங் ஹைபிரிட் என்பதுதான் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் மட்டும் ஊர்ந்து போகும். ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே சாயங்கால நெரிசலில் தம்பி காரில் உட்கார்ந்து பாருங்கள், பாதி நேரம் எஞ்சின் சத்தமே இருக்காது. பெட்ரோல் கார் மோசமாகக் குடிக்கும் இடமே அதுதான். அதனால்தான் ஊருக்குள் தோழிக்கு லிட்டருக்கு 12, தம்பிக்கு 22. நெடுஞ்சாலைக்கு வந்தால் தோழிக்கு 17, தம்பிக்கு 21. இடைவெளி சுருங்கிவிடுகிறது. மாதம் முழுக்கக் கோயம்புத்தூர், பெங்களூரு என்று பெருஞ்சாலையிலேயே ஓடுகிறவர் ஹைபிரிடுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மின்சாரக் கார்: கடைசி யூனிட்டின் விலை என்ன?

என் தொழிலே கணக்கு என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன். படித்தவர்கள்கூடத் தவறு செய்யும் இடம் இது.

முதல் தவறு, காரின் திரை காட்டும் யூனிட்டை எடுத்துக்கொள்வது. திரையில் காட்டுவது பேட்டரியிலிருந்து செலவானது. நாம் பணம் கட்டுவது மீட்டரில் ஓடியதற்கு. சுவரிலிருந்து பேட்டரிக்குப் போவதற்குள் பத்து, பன்னிரண்டு சதவீதம் சூடாகக் கரைந்துவிடுகிறது. அதற்காகத்தான் சப் மீட்டர் மாட்டினேன். எலக்ட்ரீஷியன் கூலியோடு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. என் காருக்குச் சுவர் மீட்டர்படி ஊருக்குள் யூனிட்டுக்கு 6.5 கி.மீ., நெடுஞ்சாலையில் 90 வேகத்தில் 5.8 கி.மீ. கிடைக்கிறது. வேகம் கூடினால் இது மளமளவென்று இறங்கும். பெட்ரோல் காரில் நெடுஞ்சாலைதான் மைலேஜ், மின்சாரக் காரில் ஊர்தான் மைலேஜ். பழக ஒரு மாதமாகும்.

இரண்டாம் தவறுதான் பெரிது. ஈபி பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "எனக்கு யூனிட் ஐந்தரை ரூபாய்" என்று எழுதுவது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500-ஐத் தாண்டினால் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600-க்கு மேல் ஒன்பதைத் தாண்டும், 800-க்கு மேல் பத்தைத் தாண்டும், 1,000-க்கு மேல் பதினொன்றைத் தாண்டும். அதோடு 500-க்குள் நிற்கிறவர்களுக்கு 101 முதல் 200 வரை கிடைக்கும் குறைந்த விலையும், 500-ஐத் தாண்டியதும் போய்விடும்.

வீட்டு விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் கீழ்ப்படியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன. புதிதாக வருகிற கார் மேல்படியில்தான் உட்காரும். ஆகவே காருக்கு உரிய விலை சராசரி விலை இல்லை, கார் வந்ததால் பில்லில் எவ்வளவு கூடியதோ அதுதான். கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் போல ஓடும். கார் வந்த பிறகு 700. கூடிய 280 யூனிட்டுக்குக் கூடிய தொகை 2,500 ரூபாய்க்குச் சற்று மேல். வகுத்தால் யூனிட்டுக்கு 9 ரூபாய். மேலே சொன்ன 112 ரூபாய் இப்படி வந்ததுதான். சராசரி எடுத்து ஐந்தரை என்று எழுதியிருந்தால் கார் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைத்து எழுதியதாகும். ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுத எனக்குக் கை வராது.

நீங்கள் கார் வாங்குவதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்க்கலாம். ஈபி கார்டில் கடைசி ஆறு ரீடிங்கைப் பாருங்கள். கோடையில் ஏசி ஓடும் மாதங்களைத் தனியாக வையுங்கள். அவற்றோடு காரின் யூனிட்டைக் கூட்டி, மின்வாரிய இணையதளத்தில் இருக்கும் கட்டணக் கணக்கியில் இரண்டு எண்ணையும் போட்டு வித்தியாசத்தை எடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வெளியே வேகமாகச் சார்ஜ் போட்டால் வேறு விலை. கோயம்புத்தூர்ப் பாதையில் நான் போடும் இடங்களின் ரசீதுகளில் ஜிஎஸ்டி சேர்த்து யூனிட் 24 ரூபாய் போல வருகிறது. மாதம் ஒரு தடவை 20 யூனிட் அப்படிப் போடுகிறேன், 480 ரூபாய். முழுக்க முழுக்க வெளியில்தான் சார்ஜ் போட வேண்டும் என்ற நிலையில் ஊருக்குள் கி.மீ.க்கு 3.69 ரூபாய் ஆகிவிடும். தம்பியின் ஹைபிரிடுக்கு ஊருக்குள் 4.64. தொண்ணூற்றைந்து பைசா மிச்சத்துக்காக வாரம் இரண்டு முறை சார்ஜிங் ஸ்டேஷனில் காத்திருப்பதா? சித்தி மகனிடம் வேண்டாம் என்று சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் சொந்தமாக ஒரு பிளக் பாயிண்ட் இல்லாதவருக்கு மின்சாரக் காரின் மிச்சத்தில் பெரும்பகுதி கிடைக்காது.

மொட்டை மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இந்தப் படிக்கட்டுத் தொல்லை குறையும். 3 கிலோவாட் போட்டால் நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு 12 யூனிட் போலக் கிடைக்கும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் சோலாருக்குப் போட்ட முதலைத் தனி வரியில் எழுதுங்கள். "எனக்குக் கார் ஓட்டம் இலவசம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

மலை

ஏற்காட்டுக்கு அடிக்கடி போகாதவர்கள் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு மாத ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மலை.

ஏற்றத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். ஆட்களோடு சேர்த்துக் காரின் எடையைக் கிலோவில் எழுதி, ஏறும் உயரத்தை மீட்டரில் பெருக்கி, 3,67,000 ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். என் கார் ஆட்களோடு 1,650 கிலோ. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏற்றம். வகுத்தால் சுமார் 5 யூனிட். காரை வெறுமனே மேலே தூக்கி வைக்க மட்டும் இவ்வளவு. ஓடுவதற்கு ஆவது தனி.

ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட் போல சக்தி இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போய்விடும். ஆகவே தூக்கி வைக்க மட்டும் இரண்டு லிட்டருக்கு மேல். தோழியின் 6.8 லிட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்று இப்போது தெரியும்.

இறக்கத்தில்தான் மூன்று வண்டிகளும் பிரிகின்றன. மேலே தூக்கி வைத்த சக்தி இறங்கும்போது திரும்ப வர வேண்டும் அல்லவா? பெட்ரோல் காரில் அதைத் திருப்பி வாங்க வழியில்லை. பிரேக் டிஸ்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. மேலே இருக்கும் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் தொடங்கிப் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவர்களின் வண்டி அடிவாரத்தில் நிற்கும்போது வரும் கருகல் வாசனை அதுதான். தோழிக்கு 26,000 கி.மீ.யிலேயே முன் பிரேக் பேட் மாற்ற வேண்டி வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். அதில் மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், இப்போதைய எஞ்சின்கள் பெட்ரோல் பாய்வதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். அதுவே பாதுகாப்பு, அதுவே சிக்கனம்.

என் கார் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புகிறது. அன்றைய என் குறிப்பு: அடிவாரத்தில் 82 சதவீதம், ஏற்காடு ஏரிக்கரையில் 61. ஞாயிறு இறங்கத் தொடங்கும்போது 56, அடிவாரத்தில் 60. இருபது வளைவும் இறங்கியதற்குச் செலவே இல்லை, அதற்கு மேல் நாலு சதவீதம் கூடியது. முதல் முறை பார்த்தபோது அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "தண்ணி மேலேர்ந்து கீழ வந்தா கரண்டு வருதில்ல, மேட்டூர்ல, அது மாதிரிதானே?" என்றார். அது மாதிரியேதான்.

தம்பியின் ஹைபிரிடும் இப்படி நிரப்பும். ஆனால் அதன் பேட்டரி மிகச் சிறியது. கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிடுகளில் இருப்பது 0.76 யூனிட் பேட்டரி. என் பேட்டரி 40 யூனிட். அதனால் இருபதாவது வளைவில் இறங்கத் தொடங்கினால் பதினான்காவது வளைவு வருவதற்குள் பேட்டரி நிறைந்துவிடுகிறது. அதன் பிறகு வருவதைப் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. கியரை 'பி'-யில் (B, பார்க்கிங்குக்கான P இல்லை) போட்டால் எஞ்சினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். எஞ்சின் உறுமும், தம்பி முதலில் பயந்துவிட்டான். அது பழுதில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். ஹைபிரிட் வாங்கினால் மலையில் அள்ளிக்கொண்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதன் பலம் ஊர் நெரிசலில்.

மின்சாரக் காருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாகலூரில் அம்மா தனியாக இருப்பதால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட்டுக்குள்தான் ஓடும், பில்லே வராது. அங்கே 15 ஆம்பியர் பாயிண்டில் ராத்திரி பத்து யூனிட் போட்டால் அது இரண்டாம் படியில், யூனிட் மூன்று ரூபாய்க்கும் குறைவான விலையில் உட்காருகிறது. எட்டு ராத்திரிக்கும் சேர்த்துக் கூடுதல் பில் இருநூறு ரூபாயைத் தாண்டியதில்லை. (அதை அம்மா வாங்க மாட்டேன் என்பார், நான் மிளகு டப்பாவுக்குள் வைத்துவிட்டு வருவேன்.) மலிவாகக் கிடைக்கிறதே என்று நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிறைந்த பேட்டரிக்குள் மேலும் ஏற்ற முடியாது என்பதால் மோட்டார் பிடித்து நிறுத்தும் வேலை நின்றுபோய், வெறும் பிரேக்கை நம்பி இறங்க வேண்டியிருக்கும். 85-க்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டு வயரிங்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் ராத்திரி அம்மா வீட்டில் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. உடனே எடுத்துவிட்டேன். எர்த் சரியில்லை, வயரும் மெலிசு. புதிதாக எர்த் பைப் இறக்கி, தடிமனான 4 ஸ்கொயர் வயர் இழுத்து, தனி எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) போட்ட பிறகுதான் மறுபடி சார்ஜ் போட்டேன். அதற்கான 6,500 ரூபாயைக் கார் செலவில் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மாதக் கூட்டல்

இனி கூட்டிவிடலாம். என்னுடைய அதே 986 கி.மீ. ஓட்டத்தை மூன்று வண்டிக்கும் போட்டால்:

பெட்ரோல் காருக்கு ஊருக்குள் 28 லிட்டர், மலைக்கு 27.2, கோயம்புத்தூருக்கு 19.4, மொத்தம் 74.6 லிட்டர், 7,609 ரூபாய். கி.மீ.க்கு 7.72.

ஹைபிரிடுக்கு 15.3, 19.2, 15.7, மொத்தம் 50.2 லிட்டர், 5,120 ரூபாய். கி.மீ.க்கு 5.19.

மின்சாரக் காருக்கு வீட்டில் 139 யூனிட் 9 ரூபாய் வீதம் 1,251, வெளியில் 480, மொத்தம் 1,731 ரூபாய். கி.மீ.க்கு 1.76. நாகலூரில் போடுவதைச் சேர்த்தால் இன்னும் குறையும், ஆனால் எல்லாருக்கும் மலை மேல் அம்மா வீடு இருக்காது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

எரிபொருளோடு கணக்கை நிறுத்தினால் பாதிதான் முடிந்திருக்கும். மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் கிடையாது. என் வருட சர்வீஸ் 4,000 ரூபாய்க்குள் முடிகிறது, தோழிக்கும் தம்பிக்கும் ஏழாயிரத்தைத் தாண்டும். டயரில் எனக்கு நஷ்டம். வண்டி கனம், மிதித்தவுடன் இழுக்கும். 34,000 கி.மீ.யில் நான்கு டயரும் மாற்றினேன், 36,000 ரூபாய். கி.மீ.க்கு ஒரு ரூபாய்க்கு மேல் டயருக்கே போகிறது. பெட்ரோல் காருக்கு எண்பது பைசா.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த தேர்டு பார்ட்டி கட்டண அட்டவணையில் 1,000 முதல் 1,500 சிசி வரையான பெட்ரோல் காருக்கு 3,416 ரூபாய். மின்சாரக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது சிசி பார்ப்பதில்லை, மோட்டாரின் கிலோவாட் பார்க்கிறது. 65 கிலோவாட்டைத் தாண்டினால் 6,712 ரூபாய். 30 முதல் 65 வரை 2,904. என் கார் மேல் வரிசையில் வருகிறது. வாங்கும் முன் மோட்டார் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் வாங்கினால் அந்த வாடகையை ஓட்டச் செலவில்தான் சேர்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் அந்தத் திட்டத்தோடு வந்தபோது கி.மீ.க்கு 3.50 ரூபாய் வாடகை. என் 1.76-ஓடு கூட்டினால் 5.26. தம்பியின் ஹைபிரிட் ஏற்கெனவே 5.19-இல் நிற்கிறது. கார் விலை குறைவதால் அது தப்பான திட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்த வரியில் எழுத வேண்டுமோ அந்த வரியில் எழுத வேண்டும்.

கூடுதல் விலை எத்தனை வருடத்தில் திரும்பும்?

நான் வாங்கியபோது அதே அளவு பெட்ரோல் காருக்கும் என் காருக்கும் ரோட்டுக்கு வரும் விலையில் 4 லட்சம் வித்தியாசம். அதில் சாலை வரி விலக்கும் அடக்கம். தமிழ்நாட்டில் மின்சாரக் காருக்கு அந்த விலக்கு குறிப்பிட்ட தேதி வரை என்று சொல்லித்தான் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது, ஆகவே நீங்கள் வாங்கும் நாளில் நடப்பில் இருப்பதைக் கேட்டு எழுதுங்கள். பெட்ரோல் காருக்குக் கட்ட வேண்டிய ஆயுள் வரியைப் பார்த்தால் இது சின்னத் தொகை இல்லை.

டயர் நஷ்டத்தைக் கழித்தபின் எனக்குக் கி.மீ.க்கு 5.70 ரூபாய் மிச்சம். வருடம் 12,000 கி.மீ. என்றால் 68,000 ரூபாய். நாலு லட்சம் திரும்ப ஆறு வருடம். பேட்டரிக்குப் பரவலாகக் கொடுக்கும் உத்தரவாதம் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., அதற்குள் அடங்குகிறது. ஆனால் அந்த நாலு லட்சத்தைக் கடனாக வாங்கினால்? ஒன்பது சதவீத வட்டிக்கு முதல் வருடம் மட்டும் 36,000 ரூபாய். மிச்சத்தில் பாதி வங்கிக்கு. நான் என் அப்பா விட்டுச்சென்ற தொகையில் வாங்கினேன், அதனால் சமாளித்தேன். கடனில் வாங்குகிறவர் வட்டியைச் சேர்க்காமல் முடிவெடுக்கவே கூடாது. என் ஆபீசுக்கு வரும் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

தம்பிக்கு வித்தியாசம் இரண்டரை லட்சம், கி.மீ.க்கு மிச்சம் இரண்டரை ரூபாய். என்னளவு ஓடினால் எட்டு வருடத்துக்கு மேல். அவன் என்னைவிடக் கூடுதலாக ஓடுகிறான், அதுவும் ஊருக்குள், அதனால் அவனுக்குச் சீக்கிரம் திரும்பும்.

சித்தி மகனுக்கு இதே கூட்டலை அடுப்படியில் போட்டோம். வருடம் 5,000 கி.மீ., எல்லாம் ஊருக்குள். ஹைபிரிட் வாங்கினால் வருடத்துக்கு 19,000 ரூபாய் மிச்சம், கூடுதல் விலை திரும்பப் பதின்மூன்று வருடம். மின்சாரக் கார், வீட்டுக்காரர் கீழே பிளக் பாயிண்ட் போட சம்மதித்தாலும், பதினொரு வருடம். அவன் முகம் வாடியது. பெரிய கார் எதற்கு உனக்கு என்று கேட்டேன். மனைவி, குழந்தை, மாதம் ஒரு தடவை சேலம் குகைப் பகுதியில் மாமியார் வீடு.

மாசியில் மூன்று வருடம் ஓடிய ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினான். வெள்ளை நிறம். நாற்பது பக்க நோட்டை கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறான். முதல் நான்கு டேங்க்கின் சராசரியைப் போன ஞாயிறு அனுப்பினான்: லிட்டருக்கு 14.6.